உயர்நிலை வீரர்களுக்கு மென்டர் ஆக ஒரு முதுநிலைப் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விளையாட்டு விடுதியில் சில வருடம் வேலை பார்த்தேன். அப்புறம் வெளிநாட்டில் ஒரு வருடம் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு ஊர் திரும்பினேன். அதிலிருந்து மாதத்துக்கு நாலைந்து பேராவது போன் செய்கிறார்கள். ஓடி முடித்தவர்கள், கோச்சாக இருப்பவர்கள், பி.டி. வாத்தியார்கள், உளவியல் படித்துவிட்டு ஆஸ்பத்திரி வேலை வேண்டாம் என்று நினைப்பவர்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

மென்டர் என்றால் கோச் தானே? பெயரை மட்டும் மாற்றிவிட்டார்களா?

குகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை 7.5–6.5 என்று வென்று, 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார். அவரைச் சுற்றி இருந்தவர்களை வரிசையாகப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். சின்ன வயதிலிருந்து ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் விஷ்ணு பிரசன்னா, அவர் கோச். உலகப் போட்டிக்கான தயாரிப்புக் குழுவை நடத்தியவர் போலந்துக்காரர் கயேவ்ஸ்கி. மனப்பயிற்சிக்கு வந்தவர் பாடி அப்டன், 2011இல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்த அதே ஆள். விஸ்வநாதன் ஆனந்த், 2020 இறுதியில் தொடங்கிய தன் அகாடமி வழியாக மென்டர். காது மூக்கு தொண்டை மருத்துவரான அப்பா, தன் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார்.

இதில் மென்டரின் இடம் எது? கோச்சின் கண் அடுத்த ஆட்டத்தின் மேல் இருக்கும். மனப்பயிற்சியாளரின் கண் அந்த ஆட்டத்தின்போது தலைக்குள் நடப்பதன் மேல் இருக்கும். மென்டருடைய கணக்கு பத்து வருடக் கணக்கு. எந்தப் போட்டிக்குப் போகலாம், எதை விடலாம், படிப்பை என்ன செய்யலாம், புகழ் வந்தால் எப்படி, வராவிட்டால் எப்படி. ஆனந்துக்கு இதெல்லாம் தானே நடந்து பார்த்த பாதை. இந்தப் படிப்பு உருவாக்கப் பார்ப்பது ஆனந்தை அல்ல, அது யாராலும் முடியாது. அந்தப் பாதையில் தானே நடக்காதவர்களும் கூட நடப்பதற்கு ஒரு முறையைக் கற்றுக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் தேசிய அளவில்கூட ஆடாத நான் மென்டராக முடியுமா?

முடியும். ஆடியவர்களுக்கு முதல் மாதம் சுலபம். வீரர் உடனே நம்பிவிடுவார். உங்களுக்கு அந்த நம்பிக்கை வர ஆறு மாதம் ஆகும். ஆனால் ஆடியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: "நாங்க ஆடின காலத்துல..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். அது உங்களுக்கு இருக்காது.

அனுபவம் இருக்கிறது, வயதும் இருக்கிறது. இதற்கு எதற்கு ஒரு பட்டம்?

நானும் இதே திமிரோடுதான் போய்ச் சேர்ந்தேன். முதல் பருவத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு வீரரின் சம்மதத்தோடு அவரோடு நடத்தும் உரையாடலைப் பதிவு செய்து, அதை வரிக்கு வரி எழுதிக்கொண்டுவர வேண்டும். நீச்சல் வீராங்கனை ஒருவரோடு 50 நிமிடம் பேசினேன். நன்றாகப் போனதாகத்தான் நினைத்தேன். எழுதிப் பார்த்தால் அதில் 34 நிமிடம் நான் பேசியிருக்கிறேன். அந்தப் பெண் மூன்று முறை ஒரே விஷயத்தைச் சொல்ல வந்து, மூன்று முறையும் நான் இடையில் புகுந்து யோசனை சொல்லியிருக்கிறேன். விடுதியில் இத்தனை வருடம் நான் எத்தனை பிள்ளைகளிடம் இப்படிப் பேசியிருப்பேன் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அனுபவம் நமக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறது. வாயை மூடிக்கொண்டிருக்க யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது. என் கட்டணத்தில் பாதி அதற்கே சரியாகப் போயிற்று என்பேன்.

இன்னொன்று, விலகுவது. மென்டரிங் ஆய்வில் கேத்தி கிராம் என்ற அமெரிக்கர் 1980களில் செய்த வேலை இன்றும் எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. அலுவலகங்களில் மூத்தவர், இளையவர் உறவை வைத்து அவர் நாலு கட்டங்கள் சொன்னார்: தொடக்கம், வளர்ப்பு, பிரிவு, பிறகு புதிதாக அமையும் உறவு. நம்மூரில் முதல் இரண்டும் பிரமாதமாக நடக்கும். மூன்றாவதில்தான் சண்டை. "நான் வளர்த்துவிட்ட பையன், இப்போ போனையே எடுக்கமாட்டேங்கிறான்" என்று புலம்பும் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! பையன் போனை எடுக்காமல் இருப்பது சில நேரம் வேலை ஒழுங்காக முடிந்ததன் அடையாளம். இதை ஏற்றுக்கொள்ளத் தனியாகப் படிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

பாடத்தில் அப்படி என்னதான் இருக்கும்?

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஆனால் நடுவில் இருப்பது ஒன்றுதான்: விளையாட்டு வாழ்க்கையின் திருப்பங்கள்.

பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த விளையாட்டு உளவியலாளர் பால் வில்லமன், டேவிட் லவாலியோடு சேர்ந்து 2004இல் ஒரு மாதிரியை வெளியிட்டார். ஒரு தாளில் அடுக்கடுக்காகக் கோடு போட்ட படம் அது. மேல் அடுக்கில் விளையாட்டு: ஆறேழு வயதில் அறிமுகம், 12–13இல் தீவிரப் பயிற்சி, 18–19இல் உச்ச நிலை, 28–30இல் விலகல். அதற்குக் கீழே உளவளர்ச்சி, அதற்குக் கீழே உறவுகள், அதற்குக் கீழே படிப்பும் வேலையும். பின்னால் பணம், சட்டம் என்றும் அடுக்குகள் சேர்ந்தன. படத்தில் குறுக்காக ஒரு அடிக்கோலை வைத்துப் பாருங்கள். 18 வயதில் வைத்தால் எல்லா அடுக்கிலும் ஒரே சமயத்தில் கோடு உடையும்.

நம்மூருக்குச் சொன்னால்: ஜூனியர் பிரிவு முடிந்து சீனியரில் கால் வைக்கிற வருடமும், பிளஸ் டூ பொதுத்தேர்வும், விடுதியை விட்டு வெளியேறுவதும், கோச் மாறுவதும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேரும். ஜூனியரில் தங்கம் வாங்கியவர் சீனியரில் எட்டாவதாக வருவார். வீட்டில் "இனிமே படிப்பைப் பாரு" என்பார்கள். இங்கே எத்தனை பேரை இழக்கிறோம் என்பதற்கு ஏதாவது மாவட்ட அளவிலான பழைய பரிசளிப்புப் படத்தை எடுத்துப் பார்த்தால் போதும்.

திருப்பங்களிலும் எதிர்பார்த்தவை, எதிர்பாராதவை என்று இரண்டு உண்டு. ஓய்வு எதிர்பார்த்தது. முழங்கால் தசைநார் கிழிவது எதிர்பாராதது. அணியிலிருந்து நீக்கப்படுவதும் அப்படியே. நான்சி ஷ்லாஸ்பெர்க் என்ற ஆலோசனை உளவியலாளர், திருப்பத்தில் நிற்கும் ஆளிடம் நாலு விஷயத்தைப் பார்க்கச் சொன்னார்: நிலைமை எப்படி, ஆள் எப்படி, கூட யார் இருக்கிறார்கள், சமாளிக்க என்ன வழி வைத்திருக்கிறார். கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் காயம்பட்ட ஒருவரிடம் பேசிவிட்டு வந்து இந்த நாலு தலைப்பில் எழுதிப் பாருங்கள். மூன்றாவது தலைப்பின் கீழ் ஒன்றுமே இல்லாத பக்கங்கள் வரும்.

அப்புறம் வீரர் என்ற அடையாளம். 1993இல் ப்ரூவர் என்ற உளவியலாளரும் இன்னும் இருவரும் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் செய்தார்கள். "நான் முதலில் ஒரு வீரர், மற்றதெல்லாம் அப்புறம்" என்ற எண்ணம் எவ்வளவு இறுக்கம் என்று பார்ப்பது. அந்த இறுக்கம் பயிற்சிக்கு நல்லது. காலை நாலரைக்கு எழுப்பிவிடும். ஆட்டம் நின்றுபோனால் அதுவே ஆளை விழுங்கிவிடும். தோற்றவர்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை இது. 2008 பெய்ஜிங்கில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கிய அபினவ் பிந்த்ரா, அதற்குப் பிறகு வந்த வெறுமையையும் மனச்சோர்வையும் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். வாழ்க்கை முழுவதும் குறிவைத்தது கிடைத்துவிட்டது, மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வது?

இவை போக, கேட்கும் கலை (வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் உருவாக்கிய, மாற வேண்டிய காரணத்தை ஆளின் வாயாலேயே வரவைக்கும் உந்துதல் நேர்காணல் முறை அநேகமாக எல்லா இடத்திலும் உண்டு), ஆய்வு முறை, நெறிமுறை, பாதுகாப்பு, களப்பயிற்சி. புள்ளியியல் ஒரு தாள் இருக்கும். யாரும் அதனால் செத்ததில்லை.

பி.ஜி. சர்டிபிகேட், டிப்ளமோ, மாஸ்டர்ஸ்: எது?

பிரிட்டன் கணக்கில் சர்டிபிகேட் 60 கிரெடிட், டிப்ளமோ 120, மாஸ்டர்ஸ் 180. கடைசி 60 பெரும்பாலும் ஆய்வேடு. மென்டரிங்கை மட்டும் மையமாக வைத்தவை அநேகமாகச் சர்டிபிகேட் அளவிலேயே இருக்கும். ஏற்கெனவே விளையாட்டு வேலையில் இருப்பவர்களுக்காகப் பகுதிநேரமாக நடத்துவார்கள். இங்கிருந்து விமானம் ஏறிப் போய்ப் படிப்பவருக்கு அது ஒத்துவராது; முழுநேர மாஸ்டர்ஸ்தான் நடைமுறைக்கு உகந்தது. ஏற்கெனவே வேலையில் இருந்தால், ஆன்லைனில் சர்டிபிகேட் அளவோடு நிறுத்திக்கொள்வதில் ஒரு குறைச்சலும் இல்லை.

எங்கே படிக்கலாம்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் "உயர்நிலை வீரர் மென்டரிங்" என்ற பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் வயதுதான் ஆகும். பக்கத்து வாசல் வழியாகப் போக வேண்டும். மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உளவியலுக்கும் சமூகவியலுக்கும் ஒரு துறை இருக்கிறது. 2018இல் சட்டம் போட்டு உருவாக்கிய மணிப்பூர் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உளவியலில் எம்.ஏ. உண்டு. 1961இல் பழைய அரண்மனை ஒன்றில் தொடங்கிய பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) முழுக்க முழுக்கக் கோச்களின் இடம். அங்கே மென்டரிங் தனிப்பாடம் இல்லை. ஆனால் நாளைக்கு நீங்கள் யாரோடு வேலை செய்யப்போகிறீர்களோ அவர்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். எந்த வருடம் எந்தப் படிப்புக்குச் சேர்க்கை நடக்கிறது என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள், மூன்று வருடப் பழைய வாட்ஸ்அப் பார்வர்டை நம்பாதீர்கள்.

வெளியே என்றால் பின்லாந்தின் யுவாஸ்கிலா, ஜெர்மனியின் கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் லஃப்பரோ. இவை விளையாட்டு உளவியல் மாஸ்டர்ஸ் படிப்புகள். வீரரின் வாழ்க்கைத் திருப்பங்களை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டால் நம் வேலைக்கு வந்துவிடும். ஐரோப்பாவில் இந்தத் துறை செழித்ததற்குக் காரணம் உண்டு. விளையாட்டையும் படிப்பையும் சேர்த்து நடத்தும் "டூயல் கேரியர்" பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதற்குப் பிறகு, இந்த உதவியைச் செய்ய யாருக்கு என்ன திறமை வேண்டும் என்ற ஆய்வுக்குப் பணம் வந்தது. பணம் வந்த இடத்தில் பாடத்திட்டம் வரும்.

ஐரோப்பாவில் படிப்பது நமக்குப் பொருந்துமா? அங்கே நிலைமை வேறல்லவா?

நல்ல கேள்வி, சேருவதற்கு முன் கேட்டிருக்க வேண்டியதும்கூட. நான் வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் டூயல் கேரியர் என்று சொன்னால் மனதில் ஓடுவது பல்கலைக்கழகமும் பயிற்சியும். நமக்கு அது ரயில்வே வேலையும் பயிற்சியும். விளையாட்டு ஒதுக்கீடுதான் இங்கே வீரர்களின் படிப்புக்கும் பிழைப்புக்கும் பாலம். தமிழ்நாடு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, காவல்துறை, ராணுவம், வங்கிகள் தனி. ஒரு கிராமத்துக் கபடி வீரர் எதற்காக ஆடுகிறார் என்று கேட்டால் பதக்கம் என்று மேடையில் சொல்வார், வேலை என்று டீக்கடையில் சொல்வார். இரண்டும் உண்மை.

வேலை கிடைத்த மறுவருடம் ஆட்டம் மெல்ல இறங்கும் வீரர்களை எல்லோருக்கும் தெரியும். அது சோம்பேறித்தனமா, களைப்பா, அடைய வேண்டியது அடைந்துவிட்ட நிம்மதியா? பாடப்புத்தக மாதிரிகளில் இந்தத் திருப்பத்துக்கு ஒரு கட்டமே இல்லை. ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர் யாராவது இதை எடுங்கள், புண்ணியமாகப் போகும்.

செலவு? போட்ட பணம் திரும்புமா?

பிரிட்டனில் வெளிநாட்டு மாணவருக்கு மாஸ்டர்ஸ் கட்டணம் பெரும்பாலும் 15,000 பவுண்டுக்கு மேல். தங்கும் செலவு தனி. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் போட்டி அதிகம். கடன் வாங்கிப் போகாதீர்கள் என்பதே என் கருத்து. இந்த வேலையின் சம்பளத்தில் அந்தக் கடன் அடையாது. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு முயலலாம்; இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், படித்து முடித்துவிட்டு இரண்டு வருடமாவது நாடு திரும்பி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விளையாட்டில் வேலை பார்த்துவிட்டு, திரும்பி வந்தும் அதையே செய்யப்போகிறவருக்கு அந்த நிபந்தனை பாரமே இல்லை.

பிரிட்டனின் ஒரு வருட மாஸ்டர்ஸ் இங்கே செல்லுமா என்ற பயம் முன்பு இருந்தது. 2022 ஜூலையில் இரு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தில் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

படித்தால் வேலை கிடைக்குமா?

பிரிட்டனில் இது தனிப் பதவி. முன்பு இங்கிலீஷ் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஸ்போர்ட், 2023 முதல் யு.கே. ஸ்போர்ட்ஸ் இன்ஸ்டிடியூட் என்று பெயர் மாறிய நிறுவனத்தில் "பெர்ஃபார்மன்ஸ் லைஃப்ஸ்டைல்" என்றே ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே கவுண்டி கிரிக்கெட் வீரர்களுக்கு அவர்களுடைய சங்கமே ஆள் போட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1990களிலேயே வீரர்களின் படிப்புக்கும் வேலைக்கும் தனித்திட்டம் இருந்தது.

இங்கே அப்படி ஒரு பதவியின் பெயரை விளம்பரத்தில் பார்த்தால் எனக்கும் அனுப்புங்கள். வீரர்களுக்கு உதவும் ஒலிம்பிக் கோல்டு குவெஸ்ட் போன்ற அமைப்புகள், தனியார் அகாடமிகள், லீக் அணிகள் ஆகியவற்றில் வேலை இருக்கிறது. ஆனால் அது வேறு பெயரில் இருக்கும்: வீரர் ஒருங்கிணைப்பாளர், திட்ட மேலாளர், விடுதிக் காப்பாளர். கோச்சாகவோ, உடற்கல்வி ஆசிரியராகவோ, உளவியலாளராகவோ ஏற்கெனவே இருப்பவர் இதைக் கூடுதலாகப் படித்தால் உடனே பயன்படும். வெறும் கையோடு இருப்பவர் இதை மட்டும் படித்துவிட்டு வந்தால் திண்டாட்டம்தான்.

இதைப் படித்தால் விளையாட்டு உளவியலாளர் என்று போர்டு வைக்கலாமா?

கூடாது. பிரிட்டனில் "விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி உளவியலாளர்" என்ற பட்டப்பெயர் சட்டப் பாதுகாப்பு உள்ளது. பதிவு செய்யாதவர் போட்டுக்கொண்டால் குற்றம். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். மென்டருக்கு இந்த இரண்டும் கிடையாது.

இது காகிதச் சிக்கல் மட்டுமில்லை. ஒரு பையன் மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை, சாப்பாடு குறைந்துவிட்டது, நண்பர்களிடம் பேசுவதில்லை. இதை "மோட்டிவேஷன் குறைவு" என்று நினைத்து ஊக்கப் பேச்சு பேசிக்கொண்டிருந்தால் ஆபத்தில் முடியலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2020இல் வீரர்களின் மனநலத்துக்கு இரண்டு கருவிகளை வெளியிட்டது. ஒன்று மருத்துவர்கள் பரிசோதிக்க. இன்னொன்று வீரரும் குடும்பத்தாரும் கூட இருப்பவர்களும் அறிகுறியைக் கண்டுகொள்ள. இரண்டாவதுதான் நம்முடையது. கண்டுகொள்வதும், சரியான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதும், அங்கே போன பிறகும் கைவிடாமல் இருப்பதும்தான் நம் வேலை. உங்கள் போனில் ஒரு மனநல மருத்துவரின் எண் இல்லையென்றால் இந்த வேலையை இன்னும் ஆரம்பிக்காதீர்கள்.

"பையன் உங்ககிட்ட என்ன சொன்னான்?" என்று கோச் கேட்டால் என்ன செய்வது?

கேட்பார். முதல் வாரமே கேட்பார். கேட்பவர் கெட்டவரும் அல்ல, அவருக்குக் கவலை. ஆனால் சம்பளம் கொடுப்பது அகாடமி, உட்கார்ந்து பேசுவது வீரர். நீங்கள் யாருடைய ஆள்? படிப்பில் இதற்காகவே ஒரு முழுத் தாள் உண்டு. நான் கடைப்பிடிப்பது இது: முதல் சந்திப்பில் வீரர், கோச், முடிந்தால் பெற்றோர், மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து, எதை வெளியே சொல்வேன், எதைச் சொல்லமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது. பிறகு கோச் கேட்டால், "அவனையே கேளுங்க சார், நான் பக்கத்துல இருக்கேன்" என்று சொல்ல முடிகிறது.

வீரர் தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து செய்யக்கூடும் என்று தெரிந்தால் ரகசியம் அங்கே முடிகிறது. 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் பாலியல் வன்முறையைப் பற்றிச் சொன்னால் பேச்சுக்கே இடமில்லை. 2012ஆம் வருடப் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். "அகாடமி பேர் கெட்டுடும், உள்ளுக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் சொல்பவர் யார் என்பதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ரகசியத்துக்கு இந்த எல்லை உண்டு என்பதைப் பிள்ளையிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், பிறகு ஏமாற்றிவிட்டதாக நினைக்கக்கூடாது.

ஊக்கமருந்து விஷயத்தில் மென்டருக்கு என்ன சம்பந்தம்?

நிறைய. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளில் வீரருக்கு உதவும் எவரும் "துணை ஆட்கள்" என்ற கணக்கில் வருவார்கள், பெற்றோர்கூட. ஆகவே விதிகள் உங்களுக்கும் பொருந்தும்.

நடைமுறையில் அதிகம் உதவ வேண்டியிருப்பது இருப்பிட விவரத்தில். சோதனைப் பட்டியலில் இருக்கும் வீரர் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் ஊசியே போடாதவருக்கும் தடை. பாட்டி இறந்துவிட்டார் என்று திடீரென்று ஊருக்குப் பஸ் ஏறிய பெண்ணுக்கு அந்த விவரத்தை மாற்றும் எண்ணம் வருமா? இந்த மாதிரி நேரத்தில் நினைவூட்ட ஒரு ஆள் இருப்பதுதான் மென்டரிங். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டுமா?

வேண்டும். ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்காக மத்திய அரசு 2014இல் தொடங்கிய டாப்ஸ் திட்டத்தில் முதன்மைப் பட்டியலில் இருப்பவருக்கு மாதம் 50,000 ரூபாய் கைச்செலவுத் தொகை, வளரும் வீரர் பட்டியலில் 25,000. வீட்டின் மொத்த வருமானத்தைவிட அது அதிகமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. பத்தொன்பது வயதில் குடும்பத் தலைவர் ஆகிவிடுவார். அந்தப் பட்டியலில் பெயர் நிரந்தரமும் இல்லை, பரிசீலனையில் போய்விடும். தங்கைக்குக் கல்யாணம், வீட்டுக்குக் கூரை என்று எல்லாக் கணக்கும் அந்தத் தொகையை நம்பி ஓடிக்கொண்டிருக்கும்போது பெயர் நீங்கினால், களத்தில் தெரிவது "ஃபார்ம் இல்லை" என்பது மட்டும்தான்.

நான் கோச். மென்டர் என்று ஒருவர் நடுவில் வந்தால் என் பேச்சு எடுபடுமா?

மென்டர் நல்லவராக இருந்தால் எடுபடும். சில இடத்தில் மூத்த ஆள் ஒருவரே இரண்டு வேலையும் பார்ப்பார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது பேட்மிண்டன் வீரர் லக்‌ஷயா சென்னிடமிருந்து அவருடைய மென்டரும் முன்னாள் வீரருமான பிரகாஷ் படுகோன் மொபைலை வாங்கிவைத்துக்கொண்டார், ஆட்டங்கள் முடியும்வரை தரவில்லை. இதை லக்‌ஷயாவே பிரதமரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். படித்த மென்டரான நான் அப்படிச் செய்தால் எனக்கு மேற்பார்வையாளரிடம் திட்டு விழும். வீரர் தானாக எடுக்க வேண்டிய முடிவு அது என்பார். படுகோன் செய்தால் அது பெரியவர் செய்தது. உறவு எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்து ஒரே செயல் உரிமையும் ஆகும், அத்துமீறலும் ஆகும். இதைப் பற்றி வகுப்பில் இரண்டு மணி நேரம் வாதாடினோம், முடிவு எட்டவில்லை.

இதெல்லாம் பதக்கம் வாங்குகிறவர்களுக்கு மட்டும்தானா?

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் என்ன தவறு செய்தார் என்று அன்றைக்கு யாரும் விளக்கவில்லை, தவறு எதுவும் செய்யவும் இல்லை. செய்தி ஊருக்கு அவரைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. 2012இல் செங்கல் சூளையில் கூலிக்கு வேலை செய்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. அதற்குப் பிறகுதான் என்.ஐ.எஸ். பயிற்சியாளர் டிப்ளமோ படித்தார், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தர கோச் ஆனார்.

2006க்கும் 2012க்கும் நடுவில் இருக்கும் ஆறு வருடத்தைப் பாருங்கள். ஒரு வீரரிடம் அவருடைய உடலைப் பற்றி எப்படிப் பேசுவது, யார் பேசுவது, தீர்ப்பை எதிர்த்து எங்கே முறையிடலாம், அடுத்த மாதச் சாப்பாட்டுக்கு என்ன வழி. ஓடும்வரை அவருக்குக் கோச் இருந்தார். ஓட்டம் நின்ற பிறகு இவற்றைப் பேச யாருக்கும் பொறுப்பு இருக்கவில்லை. என் வகுப்பில் சம்பவ ஆய்வுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது நான் இவரைத்தான் எடுத்தேன். மற்ற மாணவர்கள் கேட்ட முதல் கேள்வி, "அவருக்கு யார் மென்டர்?"

ஆங்கிலம் சுமார்தான். சமாளிக்கலாமா?

கட்டுரை எழுதப் பழகிக்கொள்ளலாம். திரும்பி வந்த பிறகுதான் பெரிய மொழிச் சிக்கல். "டிரான்சிஷன்", "ஐடென்டிட்டி" என்று படித்துவிட்டு வந்து ஒரு பளுதூக்கும் பெண்ணிடம் எப்படிக் கேட்பீர்கள்? நான் கொஞ்ச நாள் தடுமாறிவிட்டு, "ஆட்டம் இல்லாத நாள்ல நீ யாரு?" என்று கேட்க ஆரம்பித்தேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் பத்து நிமிடம் பேசமாட்டார்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன் என்ன செய்யட்டும்?

மூன்று மாதம் ஒதுக்குங்கள். பக்கத்தில் இருக்கும் விடுதியிலோ கிளப்பிலோ அனுமதி வாங்கி, 18 வயது நிரம்பிய ஒரே ஒரு வீரரோடு வாரம் ஒருமுறை அரைமணி நேரம் உட்காருங்கள். அறைக்கதவு திறந்தே இருக்கட்டும். யோசனை சொல்லாதீர்கள். வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் எழுதுங்கள்: அவர் என்ன சொன்னார், நீங்கள் எந்த இடத்தில் குறுக்கே பேசினீர்கள், எதைக் கேட்டபோது உங்களுக்குச் சங்கடமாக இருந்தது. பன்னிரண்டு பக்கம் சேர்ந்த பிறகு படித்துப் பாருங்கள். அந்தப் பக்கங்கள் போரடித்தால் விளையாட்டு மேலாண்மையோ பயிற்சியாளர் படிப்போ பாருங்கள். போரடிக்கவில்லை என்றால் விண்ணப்பத்தோடு கேட்கும் நோக்கக் கட்டுரையை அந்தப் பக்கங்களிலிருந்தே எழுதலாம், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு.